அதிக நன்மை எது? ஹிக்மத்தும் செல்வமும் – ஒரு குர்ஆன் பாடம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு வகைப் பெற்றோர் வருகிறார்கள். ஒரு சாரார் உதவித்தொகை மனுவோடு வருகிறார்கள். இன்னொரு சாரார் மனு வேண்டாம் என்று சொல்ல வருகிறார்கள். "பையன் பிளஸ் டூ முடிச்சுட்டான், இனி கடையில உட்காரட்டும். மூணு வருஷம் காலேஜுக்குப் போயி என்ன சம்பாதிக்கப் போறான்? அந்தப் பணத்தை வேற புள்ளைக்குக் கொடுத்துருங்க பாய்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. வாடகையும் வட்டியில்லாக் கடனும் தலைக்கு மேல் இருக்கும்போது, கல்லாவில் உட்கார ஒரு சொந்தக் கை கிடைப்பது பெரிய விஷயம்தான்.

இதற்கு நேர் எதிராக, "துன்யாவின் செல்வம் வெறும் குப்பை, இல்முதான் எல்லாம், குர்ஆன் அப்படித்தான் சொல்கிறது" என்று சிலர் மேடையில் முழங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் கடைக்காரர் மனதுக்குள் சிரித்துக்கொள்கிறார். மேடைக்கு மைக் செட் வாடகை கொடுத்தவர் அவர்தானே!

குர்ஆன் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை இந்த இதழில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹிக்மத்தைப் பற்றி நாம் அதிகம் கேட்கும் வசனம் அல்பகராவின் 269-வது வசனம். அல்லாஹ் தான் நாடியவருக்கு ஹிக்மத்தைக் கொடுக்கிறான், ஹிக்மத் கொடுக்கப்பட்டவர் அதிக நன்மை கொடுக்கப்பட்டவராகிறார், அறிவுடையோரே இதை உணர்கிறார்கள் என்பது அதன் கருத்து. பட்டமளிப்பு விழாக்களிலும் மதரஸா ஆண்டு விழாக்களிலும் இது தனியாக ஓதப்படுகிறது. தனியாக ஓதும்போது அது எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்பது கண்ணில் படுவதில்லை.

முஸ்ஹஃபைத் திறந்து 261 முதல் ஓதிப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதையில் செலவிடப்படும் பொருளுக்கு ஏழு கதிர்கள் விளைவிக்கும் ஒரு விதை உவமை சொல்லப்படுகிறது. அடுத்து, கொடுத்துவிட்டுச் சொல்லிக் காட்டுபவனின் தர்மம் பாறை மேல் படிந்த மண்ணைப் போல் கழுவிக்கொண்டு போவதும், நமக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைத் தர்மத்துக்கு ஒதுக்குவதும் பேசப்படுகின்றன. 268-ல் ஷைத்தான் வறுமையைக் காட்டிப் பயமுறுத்துகிறான், அல்லாஹ்வோ மன்னிப்பையும் அருளையும் வாக்களிக்கிறான். அதற்கு அடுத்த வசனம்தான் ஹிக்மத். அதைத் தாண்டியவுடன் மறுபடியும் செலவு, நேர்ச்சை, ரகசிய தர்மம், கை நீட்டிக் கேட்கத் தயங்கும் ஏழைகள், பிறகு 275-ல் வட்டி.

ஆக, ஹிக்மத்தின் வசனம் பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சின் நடுவில் வரவில்லை. பணத்தைப் பற்றிய பேச்சின் நடுவில் வந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த வசனத்தில் ஹிக்மத்துக்குக் கொடுக்கப்பட்ட பெயர் 'கைரன் கஸீரா', அதாவது அதிகமான கைர். 'கைர்' என்றால் நன்மை. ஆனால் குர்ஆன் செல்வத்துக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறது. வஸிய்யத் பற்றிய 2:180-ல் ஒருவர் விட்டுச் செல்லும் சொத்து 'கைர்' எனப்படுகிறது. மனிதன் கைரின் மீது கடும் மோகம் கொண்டிருக்கிறான் என்று 100:8 சொல்லும்போதும் விரிவுரையாளர்கள் அதற்குச் செல்வம் என்றே பொருள் தருகிறார்கள். ஹிக்மத் வசனத்துக்கு மூன்று நான்கு வசனம் தள்ளி 272, 273-லும் நீங்கள் செலவிடும் பொருள் 'கைர்' என்றே குறிப்பிடப்படுகிறது. செல்வத்தைக் குப்பை என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அல்லாஹ் அதை நன்மை என்கிறான். அதே மூச்சில், ஹிக்மத்தை அதிக நன்மை என்கிறான்.

'ஹிக்மத்' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. யூனானி வைத்தியரை ஹகீம் என்றும், அவர் தொழிலை ஹிக்மத் என்றும் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அரபு அகராதிக்காரர்கள் இந்த வேரிலேயே 'ஹகமா' என்ற ஒரு சொல்லையும் காட்டுகிறார்கள். குதிரையின் கடிவாளத்தில் அதன் வாயை அடக்கிப் பிடிக்கும் பாகத்துக்கு அந்தப் பெயர். குதிரை ஓடத்தான் வேண்டும், ஆனால் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தச் சிறு இரும்பில் இருக்கிறது.

இனி செல்வத்தின் பக்கம் வருவோம். அந்நிஸாவின் 5-வது வசனத்தில் அல்லாஹ் பொருளை மனித வாழ்வுக்கு முட்டுக்கால் போன்ற ஆதாரமாக ஆக்கியிருப்பதாகச் சொல்கிறான். அதனாலேயே அதை விவேகமற்றவர்களின் கையில் கொடுத்துவிடாதீர்கள், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுங்கள், அவர்களிடம் நல்ல முறையில் பேசுங்கள் என்கிறான். ஆறாவது வசனம் எத்தீம்களைப் பற்றியது. அவர்கள் திருமண வயதை அடையும் வரை சோதித்துப் பாருங்கள், அவர்களிடம் 'ருஷ்து' தென்பட்டால் அவர்களுடைய பொருளை அவர்களிடம் ஒப்படையுங்கள் என்பது கட்டளை.

'ருஷ்து' என்பது மார்க்கத்தில் நேர்மையும் பொருளைப் பேணும் பக்குவமும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) உள்ளிட்ட முன்னோர்கள் விளக்கியிருக்கிறார்கள். சட்டப்படி 18 வயது நிறைந்தால் வங்கி டெபாசிட் கைக்கு வந்துவிடும். குர்ஆனோ வயதை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. வயது வந்தும் பக்குவம் வராதவரை என்ன செய்வது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் 25 வயதை எல்லையாக வைத்தார்கள். அதற்குப் பின் பொருளைப் பிடித்து வைப்பது ஒரு வளர்ந்த மனிதனின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்பது அவர்களின் பார்வை. அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் பக்குவம் தென்படும் வரை கொடுக்கக் கூடாது என்றார்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் விவேகம், பிறகு பொருள்.

சாலை விபத்தில் அத்தாவை இழந்த பிள்ளைகளுக்கு இழப்பீட்டுத் தொகை வருவதை நாம் பார்த்து வருகிறோம். பதினெட்டு நிறைந்த மாதமே ஷோரூமிலிருந்து பைக் இறங்கும் வீடுகளும் உண்டு. அதே தொகையைத் தொடாமல் வைத்திருந்து தங்கையின் நர்ஸிங் படிப்பை முடித்துக் கொடுத்த வீடுகளும் உண்டு. இரண்டு வீட்டுக்கும் வந்தது ஒரே மாதிரிப் பணம்தான்.

எத்தீம்களின் பொருள் என்றதும் அல்கஹ்ஃப் நினைவுக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதுகிற சூரா. மூஸா (அலை) அவர்களும் கிழ்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்கு வருகிறார்கள். ஊரார் ஒரு வேளைச் சாப்பாடு தர மறுத்துவிடுகிறார்கள். அந்த ஊரிலேயே விழ இருந்த ஒரு சுவரைக் கிழ்ர் (அலை) கூலி வாங்காமல் நிமிர்த்தி வைக்கிறார்கள். காரணம் 82-வது வசனத்தில் வருகிறது. அது இரண்டு எத்தீம் சிறுவர்களின் சுவர். அதற்குக் கீழே அவர்களுக்கு உரிய புதையல் இருந்தது. அவர்களின் தகப்பனார் ஸாலிஹானவர். அவர்கள் பருவமடைந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இறைவன் நாடினான்.

அந்தப் புதையல் எது? தஃப்ஸீர் இப்னு கஸீரைத் திறந்தால் இரண்டு கருத்துகளைக் காணலாம். இக்ரிமா, கதாதா (ரஹ்) போன்றோர் அது புதைத்து வைக்கப்பட்ட பொருள்தான் என்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து வரும் ஓர் அறிவிப்பும், முஜாஹித் (ரஹ்) அவர்களின் கருத்தும் அது இல்மு எழுதப்பட்ட ஏடுகள் என்று சொல்கின்றன. வசனத்தின் நேரடிப் போக்குக்குப் பொருள் என்ற கருத்தே நெருக்கமானது என்று இப்னு கஸீர் (ரஹ்) சொல்கிறார்கள். மதரஸாவில் இந்தப் பாடத்தை ஓதும்போது மாணவர்களுக்கெல்லாம் ஏடுகள் என்ற கருத்துதான் பிடிக்கும். நாமும் அப்படித்தான் இருந்தோம். இப்போது முதல் கருத்தில் ஒரு நுட்பம் தெரிகிறது. அது வெறும் பொருளாகவே இருந்தாலும், பிள்ளைகளுக்குப் பக்குவம் வரும் வரை மண்ணுக்குள் இருக்கட்டும் என்பதற்காக ஒரு சுவர் நிமிர்த்தப்பட்டிருக்கிறது. சாப்பாடு கூடக் கொடுக்காத ஊராரின் கையில் அந்தப் புதையல் முன்கூட்டியே கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

லுக்மான் (அலை) அவர்களின் கதை இதற்கு இன்னொரு பக்கம். அவர்களுக்கு ஹிக்மத் கொடுத்ததாக 31:12 கூறுகிறது. அவர்கள் மகனுக்கு விட்டுச் சென்ற சொத்து என்று குர்ஆன் எதையும் சொல்லவில்லை. அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசம் மட்டும் ஏழு வசனங்களில் கியாமத் நாள் வரை ஓதப்படுகிறது.

இனி காரூன். பூட்டுக்குப் பெயர் போன ஊர்க்காரர்களான நமக்குக் காரூனின் கதையில் சாவிகள் வரும் இடம் தனிச் சுவையானது. அவனுடைய கருவூலச் சாவிகளைச் சுமக்கப் பலசாலிகளின் கூட்டமே திணறியது என்று 28:76 சொல்கிறது. சிறு வயதில் இதைக் கேட்டு, அத்தனை பூட்டையும் செய்த ஆசாரி எத்தனை பணக்காரனாக இருந்திருப்பான் என்று கேட்ட ஒரு தோழர் நமக்கு உண்டு.

காரூனிடம் அவனுடைய சமூகத்தார் சொன்னதைப் பாருங்கள். எல்லாவற்றையும் துறந்துவிடு என்று அவர்கள் சொல்லவில்லை. மறுமையைத் தேடு, இம்மையில் உன் பங்கையும் மறந்துவிடாதே, அல்லாஹ் உனக்கு நன்மை செய்ததுபோல் நீயும் செய், பூமியில் ஃபஸாதை, அதாவது சீர்கேட்டைத் தேடாதே என்றார்கள். இது 77-வது வசனத்தின் கருத்து. அதற்கு அவன் சொன்ன பதில் 78-ல் வருகிறது. என்னிடமுள்ள இல்மைக் கொண்டுதான் இது எனக்குக் கிடைத்தது என்கிறான்.

இங்கே நிதானிக்க வேண்டும். காரூன் அறிவில்லாதவன் அல்ல. சம்பாதிக்கும் அறிவு அவனிடம் நிறைய இருந்தது. குர்ஆன் அந்த அறிவை ஹிக்மத் என்று அழைக்கவில்லை. இரண்டு வசனம் தள்ளி, அவனுடைய ஆடம்பரத்தைப் பார்த்து ஏங்கிய மக்களைத் தடுத்தவர்களைத்தான் இல்மு கொடுக்கப்பட்டவர்கள் என்கிறது. பொருளை உண்டாக்கத் தெரிவது ஒன்று. அந்தப் பொருள் பூமியில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது வேறு.

இது நம் ஊருக்கு வெகு தூரத்துக் கதை அல்ல.

திண்டுக்கல் தோலுக்குப் பெயர் பெற்ற ஊர். நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்கள் தோல் ஷாப்பில்தான் எழுந்து நின்றன. முதலாளியாக இருந்தவர்களும் உண்டு, சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களும் உண்டு. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு குரோம் முறை வேகமாகப் பரவியது. வேலை சீக்கிரம் முடிந்தது, நல்ல விலையும் கிடைத்தது. அந்தப் பணத்தில் வீடுகள் எழுந்தன, குமர்கள் கரை சேர்ந்தன, பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் வாரி வழங்கினார்கள். அதை மறந்து பேசுவது நன்றிகெட்டதனம்.

ஆனால் பச்சைத் தோலோடு வந்த உப்பும், குழியிலிருந்து வெளியேறிய ரசாயனமும் எங்கே போகும் என்று அன்று கேட்டவர்கள் குறைவு. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இடம்பெற்றது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கெடுப்பை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு இல்லாதவை மூடப்பட வேண்டும் என்று உத்தரவானது. நம் ஊரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகத் தொழிலைத் தொடர்ந்தவர்கள் உண்டு. தாங்க முடியாமல் வேறு தொழிலுக்குப் போனவர்களும் உண்டு.

காரூனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையில் பூமியில் சீர்கேட்டைத் தேடாதே என்ற வார்த்தை இருப்பதை இந்த 350 கிணறுகளோடு சேர்த்து ஓதினால் வேறு விதமாகக் கேட்கிறது. இதில் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமல்ல. அந்தக் கிணறுகளின் தண்ணீரை நம் பிள்ளைகளும் குடித்தார்கள். ஷாப்புக்கு ஒரு பையன் வேதியியல் படித்திருந்து, அவன் பேச்சைக் கேட்கும் பெரியவர் ஒருவரும் இருந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கலாம் என்பதே நமது ஆதங்கம்.

அதே தோல் வியாபாரத்தில் ஹிக்மத்தோடு நடந்த செல்வமும் இருந்தது. சென்னையின் பெரும் தோல் வணிகர் ஜமால் முஹம்மது ஸாஹிப். அல்லாமா இக்பாலை 1929 ஜனவரியில் சென்னைக்கு அழைத்து உரையாற்றச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பயணத்தின் உரைகள் பின்னர் இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்பு குறித்த புகழ்பெற்ற நூலின் பகுதிகளாயின. மௌலானா சையித் சுலைமான் நத்வி அவர்கள் 1925-ல் சென்னையில் நிகழ்த்திய சீறா உரைகளும் 'குத்பாதே மத்ராஸ்' என்ற பெயரில் உலகெங்கும் ஓதப்படுகின்றன. திருச்சியில் ஜமால் முஹம்மது ஸாஹிபும் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் நிறுவனர்களாகப் போற்றப்படும் ஜமால் முஹம்மது கல்லூரி 1951-ல் தொடங்கியது. நமக்கு மேற்கே உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் எழுந்தது. இந்த இரண்டு கல்லூரிகளிலும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லாத தெரு நம் பகுதியில் அபூர்வம்.

தோலில் வந்த பணம் ஒரு பக்கம் கிணற்றில் உப்பானது, இன்னொரு பக்கம் கல்லூரியானது.

நாயகம் (ஸல்) அவர்களின் இரண்டு ஹதீஸ்களை இங்கே வைத்துப் பார்ப்பது பொருத்தம். இரண்டு பேரைப் பார்த்துத்தான் நல்ல விதமாகப் பொறாமைப்படலாம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. செல்வம் கொடுக்கப்பட்டு அதை ஹக்கான வழியில் செலவழித்துத் தீர்ப்பவர் ஒருவர். ஹிக்மத் கொடுக்கப்பட்டு அதைக் கொண்டு தீர்ப்பளித்து, பிறருக்கும் கற்றுக்கொடுப்பவர் மற்றவர். இருவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள்.

திர்மிதீயில் வரும் மற்றொரு ஹதீஸ் இந்த உலகத்தை நான்கு மனிதர்களாகப் பிரிக்கிறது. பொருளும் இல்மும் உள்ளவர், தன் ரப்பை அஞ்சி, உறவைச் சேர்த்து, பொருளின் ஹக்கை அறிந்தவர். அவர் உயர்ந்த இடத்தில் இருக்கிறார். இல்மு இருந்து பொருள் இல்லாதவர், எனக்கும் இருந்தால் இவரைப் போல் செய்வேன் என்று உண்மையாக நினைக்கிறார். கூலியில் இருவரும் சமம். பொருள் இருந்து இல்மு இல்லாதவர் அதைக் கண்டபடி வீசுகிறார். அவர் இடமே மிகக் கெட்டது. பொருளும் இல்லாமல் இல்மும் இல்லாமல், எனக்கும் இருந்தால் அவரைப் போல் வீசியிருப்பேனே என்று ஏங்குபவர் நான்காமவர். அவர் சுமக்கும் பாவமும் அதே அளவு. தன் கையில் ஒரு பைசா இல்லாதவருக்கு, யாரைப் பார்த்து ஏங்குகிறார் என்பதைக் கொண்டே கூலியும் பாவமும் தீர்மானமாகின்றன. கல்யாண மண்டபத்தில் அடுத்த வீட்டு ஆடம்பரத்தைப் பார்த்து நம் பெண்கள் பெருமூச்சு விடும்போதும், ஆண்கள் அடுத்தவர் காரைச் சுற்றிச் சுற்றி வரும்போதும் நமக்கு இந்த நான்காமவர் நினைவு வருகிறது.

இல்முக்கு விலை போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு பத்ரு கைதிகளின் செய்தி உண்டு. அன்று பணயத்தொகை ஒருவருக்கு நாலாயிரம் திர்ஹம் வரை போனது. கொடுக்க வழியில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகள் அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள். மதீனாவுக்கு அப்போது வெள்ளி தேவைப்படாமல் இல்லை. சண்டையிட்ட எதிரியிடமிருந்தே வெள்ளிக்குப் பதிலாக எழுத்தை வாங்கிக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் முடிவு செய்தார்கள். பிள்ளைகள் கற்றது முஷ்ரிக்குகளிடம். கல்லூரி என்றாலே பிள்ளை கெட்டுப்போகும் என்று பயப்படும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

மறுபடி நம் கடைகளுக்கு வருவோம். கடையில் உட்காருவது இழிவு என்று நாம் சொல்லவில்லை. ருஷ்து இருக்கிறதா என்று சோதிக்க, சிறு தொகையைக் கையில் கொடுத்து வாங்கி விற்கச் செய்து பார்க்கலாம் என்று ஃபிக்ஹு நூல்களே வழி சொல்கின்றன. மாலையிலும் லீவு நாளிலும் பையன் கல்லாவுக்கு வரட்டும். வியாபாரியின் மகன் ஜி.எஸ்.டி. கணக்கும் படித்திருந்தால் கடைக்கு நஷ்டமில்லை. ஹலால் லாபம் என்று சொல்லிக்கொண்டு மாதம் இத்தனை சதவீதம் தருகிறோம் என்று வருபவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கவும் வீட்டில் ஓர் ஆள் இருப்பார். பெண் பிள்ளைகள் விஷயத்திலும் இதையே சொல்வோம். நகைக்குச் சேர்த்த தொகையில் ஒரு பங்கு அவளுடைய கல்லூரிக் கட்டணத்துக்குப் போனால், அது அவளிடமிருந்து யாரும் கழற்றி வாங்க முடியாத நகை. இரும்பு மோதிரம் கூடக் கிடைக்காத ஒரு ஸஹாபிக்கு, அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களை முன்னிட்டு நாயகம் (ஸல்) அவர்கள் நிகாஹ் செய்து வைத்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

இந்த வருட உதவித்தொகை மனுவில் ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். மாணவரோ மாணவியோ தங்கள் வீட்டின் ஒரு மாத வரவு செலவைத் தம் கையாலேயே எழுதித் தர வேண்டும். வருமானம் குறைவாக இருப்பது தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். அந்தப் பக்கத்தை நிர்வாகக் குழுவைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். அத்தாவோ அண்ணனோ எழுதிக் கொடுத்த பக்கமாகத் தெரிந்தால் மனுவைத் திருப்பித் தந்து, பிள்ளையையே எழுதச் சொல்வோம். மனுக்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் கிடைக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை.